போனை வாங்கி வைத்துக்கொண்டு ஆப்பில் குறை கேட்கும் நிர்வாகத்துக்கு

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

பேரணாம்பட்டு சாலையில் இருக்கும் உங்கள் ஷூ கம்பெனியின் முதல் யூனிட்டில், அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதித் தோல் தைக்கும் பிரிவில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கராக இருக்கிறேன். சென்ற வாரம் கேன்டீன் வாசலில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொழிலாளர்கள் தங்கள் குறைகளை இனிமேல் கம்பெனி ஆப்பில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும், அதற்காக யாரும் அலுவலகத்துக்கு நேரில் வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒட்டிய அன்றைக்கே பழைய புகார்ப் பெட்டியையும் கழற்றிவிட்டார்கள்.

காலையில் கேட்டில் நுழையும்போதே செக்யூரிட்டி எங்கள் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். சாயந்திரம் வேன் ஏறும்போதுதான் திரும்பத் தருகிறார். நம்மிடம் ஷூ வாங்கும் பையருடைய டிசைன் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் கேட்டிலேயே போனை வாங்கிக்கொண்டு, குறையிருந்தால் போனில் எழுது என்றால் எப்படி? வீட்டுக்குப் போய் எழுதலாமே என்று எச்.ஆர். மேடம் சொன்னார். எங்கள் லைனில் பலருக்குப் பட்டன் போன்தான். வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தாலும் ராத்திரியில் அது பிள்ளைகள் கையில் இருக்கும், இல்லை வீட்டுக்காரர் கையில் இருக்கும். அப்படியே கைக்கு வந்து ஆப்பைத் திறந்தாலும் முதலில் டோக்கன் நம்பரைப் போடு, அதாவது நான் இன்னார் என்று சொல் என்கிறது. உள்ளே எல்லாம் இங்கிலீஷ். கேன்டீன், வேன், சம்பளம், இதர என்று நாலு கட்டம். மேலே இருப்பவர் வாய்க்கு வந்தபடி பேசினால் அதை 'இதர'வில் போட வேண்டும்.

இந்த நோட்டீஸுக்கு முன்பே ஆப்பில் போட்டுப் பார்த்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது லைனில் தைப்பவர், மேல்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர். அவருடைய மெஷின் பழுதாகி மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார வேண்டியதாகிவிட்டது. அந்த மணி நேரத்து எண்ணிக்கை குறைந்தது. லைன் இன்சார்ஜ் வந்து, அவர் அம்மாவையும் சேர்த்து இழுத்துப் பேசிய வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. அந்தப் பெண் தன் தங்கச்சியிடம் சொல்லி அன்றிரவே ஆப்பில் போட்டார். மறுநாள் காலை டீ இடைவேளைக்கு முன்னால் இன்சார்ஜ் லைன் நடுவில் வந்து நின்றார். அவர் கையில் போன் இருந்தது, இன்சார்ஜ்களுக்கு மட்டும் போனுக்கு உள்ளே அனுமதி உண்டு. "இன்னாம்மா, ஆப்புல கம்ப்ளைன்ட்லாம் குடுக்கிறியாமே? எல்லாரும் கேளுங்க, படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் போட்டதை வார்த்தை விடாமல் சத்தமாகப் படித்தார். கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை, தைத்துக்கொண்டே இருந்தார். அவர் மெஷினிலிருந்து வந்த அப்பர்களை நான்தான் செக் செய்தேன். ஒன்றில்கூடத் தையல் கோணவில்லை.

அதே வாரக் கடைசியில் அவரை ராணிப்பேட்டை பக்கம் இருக்கும் உங்கள் புது யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டதற்கு 'நிர்வாகக் காரணம்' என்றார்கள். இப்போது விடியற்காலை இருட்டிலேயே வேன் ஏறுகிறார். வேலூர் நெரிசலைத் தாண்டி வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. வீட்டில் பால்வாடிக்குப் போகும் வயதில் குழந்தை. லைனில் இருக்கும் எல்லோருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் லைனிலிருந்து ஆப்பில் யாரும் எதுவும் போடவில்லை. போன மாதக் கூட்டத்தில் ஆப்புக்குப் புகாரே வரவில்லை என்று பிளான்ட் ஹெட் பெருமையாகச் சொன்னாராம். வராதுதானே?

இந்தக் கம்பெனி ஒரே ஷெட்டாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே இரண்டு லைன், வாசலில் ஒரு வேன். உங்கள் அப்பா காலையில் லைன் வழியாக ஒரு நடை வருவார். அவரைப் புனிதர் ஆக்கப் பார்க்கவில்லை, அவரும் கத்துவார். கத்தினால் அடுத்த ஷெட் வரை கேட்கும். ஆனால் ஒரு அப்பரை எடுத்து ஓரத்தை விரலால் தடவி, ஸ்கைவிங், அதாவது ஓரத்தைச் சீவியது, தடிமனாக இருக்கிறது, மடித்துத் தைத்தால் முண்டும் என்று சொல்லத் தெரிந்தவர். நின்று கேட்கவும் தெரிந்தவர். பசை அடிக்கும் டேபிள்காரர்கள் தலைவலி தாங்கவில்லை என்று சொன்னபோது, அந்த வாரமே சுவரை இடித்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். யாரும் ஃபார்ம் எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னதுதான்.

இன்றைக்கு மூன்று யூனிட். சூப்பர்வைசர், அவருக்கு மேல் லைன் இன்சார்ஜ், அப்புறம் ஃப்ளோர் மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர், பிளான்ட் ஹெட், அதற்கும் மேலே நீங்கள். கம்பெனி வளர்ந்தால் ஆள் கூடத்தான் செய்யும், தப்பில்லை. ஆனால் மேலே இருந்து வரும் கோபம் இத்தனை படியையும் தாண்டி நிமிஷத்தில் எங்களிடம் வந்துவிடுகிறது. கீழே இருந்து ஒரு வார்த்தை மேலே போக மாட்டேன் என்கிறது. லைன் கடைசியில் இருக்கும் போர்டில் மணிக்கு ஒருமுறை சிவப்பு மார்க்கரில் எழுதும் எண்ணிக்கை மட்டும்தான் உங்கள் மேஜைக்கு வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புது ஸ்டைல் வந்தால் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி வருவார். லைனிலேயே கை வேகமானவர் யாரோ அவர் பக்கத்தில் போய் நிற்பார். நல்ல தோல், புது ஊசி, நூல் அறுகாத மெஷின், காலை நேரத்துக் கை. அந்த நேரத்தை வைத்து முழு லைனுக்கும் டார்கெட் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஷீட் கொதிக்கும் நேரத்தில், ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணுக்கும் அதே டார்கெட்தான். புது ஸ்டைலில் கைக்குப் பழக்கம் வரவே இரண்டு மூன்று நாள் ஆகும். இது தையல் தெரிந்த எவருக்கும் தெரியும்.

துணி தைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பாகப் போனால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். தோலில் அது நடக்காது. ஊசி ஒருமுறை இறங்கிவிட்டால் ஓட்டை ஓட்டைதான். நூலைப் பிரித்தாலும் தழும்பு நிற்கும், அந்த அப்பர் ரிஜெக்ட். அதனால்தான் டார்கெட்டை ஏற்ற ஏற்ற ரிஜெக்ட் கூடுகிறது. செக்கராக என் மேஜையில் குவிவதை வைத்துச் சொல்கிறேன்: கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் அதிகமாக வரும், திட்டு விழுந்த லைனிலிருந்துதான் அதிகமாக வரும். திட்டினால் வேகம் வரும் என்று உங்கள் மேனேஜர்கள் நம்புகிறார்கள். வேகம் வருகிறது, உண்மைதான். எந்தப் பக்கம் வருகிறது என்று ரிஜெக்ட் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்புறம் அந்த ரிஜெக்டுக்கும் எங்கள் இன்சென்டிவில்தான் கை வைக்கிறார்கள்.

டார்கெட் முடியாவிட்டால் முடித்துவிட்டுப் போ என்று உட்கார வைக்கிறார்கள். இதற்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, என்ற பெயர் கிடையாது, 'டார்கெட் டைம்' என்கிறார்கள், அதனால் காசும் கிடையாது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் நிஜமான ஓ.டி. வந்தாலும் ஒற்றைச் சம்பளம்தான், இல்லையென்றால் பிறகு லீவு தருகிறோம் என்ற வாய்ச்சொல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது. 2020-இல் கொண்டுவந்த புதுச் சட்டத் தொகுப்பிலும் அது இரட்டைதான், குறையவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். எங்கள் லைனில் சீசன் நேரத்தில் அது எந்தச் சட்டமும் இல்லாமலே நடக்கிறது.

பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முந்தின நாளே வேலை ஆரம்பித்துவிடும். பசை டேபிளில் எல்லோருக்கும் புது மாஸ்க் வரும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் நிரம்பும். கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வரும். வருஷம் முழுக்கக் காலி அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் அறையைக் கழுவி, பாய் விரித்து, 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டுவார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு நல்ல சேலை கட்டிவிட்டு, இன்றைக்கு நீதான் ஆயா என்பார்கள். ஒரு மூட்டை பொம்மை வரும். அதில் ஒரு கரடி பொம்மை இருக்கிறது. எத்தனையோ ஆடிட் பார்த்துவிட்டது, அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. எங்களுக்கும் பாடம் நடக்கும்: ஓ.டி. உண்டா என்று கேட்டால் இல்லை, திட்டுவார்களா என்று கேட்டால் இல்லை, கமிட்டி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. வந்தவர்கள் போன மறுநாள் அட்டைப்பெட்டிகள் திரும்ப உள்ளே போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவருக்காக இத்தனையும் செய்ய முடிகிறது என்றால், செய்ய வசதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பழைய சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும். உங்கள் ஒரு ஷெட்டிலேயே அதைப்போலப் பல மடங்கு பெண்கள் இருக்கிறோம்.

கழிப்பறைக்கு லைனுக்கு ஒரே டோக்கன். ஒருவர் போய்த் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். கொஞ்சம் தாமதமானால் திரும்பி வரும்போது இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலூர் மாவட்டத்து வெயில் உங்களுக்கும் தெரியும், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் பெண்கள், போக வேண்டி வந்துவிடுமே என்று. மாதவிடாய் நாட்களில் சும்மா வீட்டில் இருந்துவிடுகிறார்கள், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று. நீர்க்கடுப்போடு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனால், எந்த ஷூ கம்பெனி என்று டாக்டரே முதலில் கேட்கிறார்.

பெண்களுக்கு என்று ஒரு கமிட்டி இருப்பதாக நுழைவாயிலில் போர்டு இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்தது. அதில் தலைவர் என்று போட்டிருக்கும் மேடம் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் இருக்க வேண்டும், அது யாரென்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா விஷயம் சின்னதாகத் தெரியலாம். வைகாசி முதல் நாள் சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் இருக்கும், மாவட்ட நிர்வாகமே உள்ளூர் விடுமுறை விடும். கம்பெனியில் மட்டும் அன்றைக்கு வராதவர்களுக்கு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் கட். முன்னெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடு செய்துவிடுங்கள் என்பார்கள், நாங்களும் சந்தோஷமாக வருவோம். அதை மாற்றியது யார், யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

நல்லதையும் சொல்கிறேன். சம்பளம் 7-ஆம் தேதி தவறியதில்லை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், பிடித்துக்கொண்டு கட்டாத கம்பெனிகளில் இருந்து வந்தவர்கள் எங்களோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரடங்கின்போது பாதிச் சம்பளமாவது போட்டீர்கள். ஆண்டு விழாவில் 'நாம் ஒரே குடும்பம்' என்று பேனர் கட்டி பிரியாணி போட்டீர்கள். பிரியாணி நன்றாகவே இருந்தது. சூப்பர்வைசர்களைக் கெட்டவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த சின்னப் பையன்கள். காலை எட்டு மணி மீட்டிங்கில் அவர்கள் வாங்கும் பேச்சு கண்ணாடிக் கதவைத் தாண்டி எங்களுக்கே கேட்கிறது. அங்கே வாங்கியதைத்தான் எட்டரை மணிக்கு எங்களிடம் இறக்கி வைக்கிறார்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்பது உங்கள் கவலை. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக 'தையல் தெரிந்த பெண்கள் தேவை' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். சேர்கிறார்கள், மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று எச்.ஆரில் பேசிக்கொள்கிறார்கள். வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் எங்கள் அம்மாக்கள் பீடி சுற்றினார்கள். இலை, தூள் கணக்கில் ஏமாற்றினாலும், கட்டு சரியில்லை என்று கழித்துப் போட்டாலும் வாயைத் திறக்க முடியாது, வேறு வேலை கிடையாது. நாங்கள் அதை விட்டுத்தான் ஷூ கம்பெனிக்கு வந்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு வழியும் வருகிறது. ராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்தில் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயும் டார்கெட் இருக்கும், அதெல்லாம் தெரியும். ஆனால் நின்றுபோன பிள்ளைகளில் நான் பேசிப் பார்த்தவர்கள் யாரும் சம்பளத்தை முதலில் சொல்லவில்லை. "அந்தப் பேச்சை எங்க வீட்ல கூட யாரும் பேசினதில்லக்கா" என்றுதான் சொன்னார்கள்.

இனி நாங்கள் கேட்பது.

ஆப் இருக்கட்டும், ஆனால் அது மட்டும்தான் வழி என்ற நோட்டீஸை எடுங்கள். பெட்டியைத் திரும்ப வையுங்கள், கேமரா பார்க்காத இடத்தில். அதன் சாவி மேனேஜரிடம் இருக்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சரிபாதியாக உட்காரும் பணிக்குழுவுக்கு 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இடமிருந்தது. 20 பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று புதுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, அதிலும் இரண்டு தரப்பும் சமம், பெண்களுக்கும் உரிய இடம் உண்டு. அந்தக் குழுவை மூன்று யூனிட்டிலும் அமையுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களை நாங்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், சூப்பர்வைசர் கை காட்டும் ஆள் வேண்டாம். மாதம் ஒருமுறை வேலை நேரத்திலேயே கூட்டம் நடக்கட்டும், பேசியதைத் தமிழில் எழுதி ஒட்டட்டும். வருஷத்தில் சில கூட்டத்துக்காவது நீங்களே வந்து உட்காருங்கள், பிளான்ட் ஹெட்டை அனுப்பாமல்.

பெண்கள் புகார்க் கமிட்டியை ஆள் போட்டுப் புதிதாக அமையுங்கள், வெளி உறுப்பினரை ஒருமுறையாவது எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். கழிப்பறை டோக்கனை இன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்குச் செலவே இல்லை. டார்கெட் போடும்போது நடுத்தரமான கையை வைத்துப் போடச் சொல்லுங்கள், புது ஸ்டைலுக்கு முதல் மூன்று நாள் எண்ணிக்கை கேட்க வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து உட்கார வைக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பே ஸ்லிப்பில் ஓ.டி. என்று தனி வரியில், இரட்டைச் சம்பளமாக வர வேண்டும். அட்டைப்பெட்டி அறையைக் காப்பகமாகவே விட்டுவிடுங்கள், அந்த அக்காவுக்கு ஆயா சம்பளத்தையும் கொடுங்கள். சிரசுத் திருவிழாவுக்குப் பழையபடி ஈடு நாள் வைத்தால் போதும்.

இதில் சிலவற்றுக்கு நாள் பிடிக்கும், குழு கூடிப் பேசி முடிவு செய்யட்டும். இரண்டாவது லைன் விஷயத்துக்குக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது. வரும் 7-ஆம் தேதிக்குள் அந்தப் பெண்ணை அவருடைய பழைய மெஷினுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவர் போட்ட புகார் இன்சார்ஜ் கைக்கு எப்படிப் போனது என்று எழுத்தில் பதில் வேண்டும். விசாரணை முடியும்வரை அந்த இன்சார்ஜ் பெண்கள் இருக்கும் லைனுக்கு வரக் கூடாது. பதில் வராவிட்டால் இதே மடலைத் தொழிலாளர் துறைக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வேலூர் அலுவலகத்துக்கும் அனுப்புவோம்.

என் பெயரையும் டோக்கன் நம்பரையும் போடவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்து ஒரு மாதம் நிம்மதியாக வேலை பார்க்கட்டும், அப்புறம் நானே உங்கள் அறைக்கு வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
முதல் யூனிட், அப்பர் பிரிவுச் செக்கர் ஒருவர்